வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் கணினித் திரைகள்: ஒரு வரலாறு

இசைக்கலைஞரோ ஒலிப்பதிவாளரோ தம் வீட்டின் ஓர் அறையிலேயே பாடலைப் பதிவு செய்து, தொகுத்து, ஒலிக்கலவை செய்து முடிப்பதற்காக அமைத்துக்கொள்ளும் இடம் வீட்டு ஒலிப்பதிவுக் கூடம் எனப்படுகிறது. இன்று இத்தகைய கூடங்கள் பலவற்றில் மேசைமீது இரண்டு கணினித் திரைகள் இருக்கின்றன. சிலவற்றில் மூன்றும் உண்டு. தொடக்ககால வீட்டுக் கூடங்களிலோ ஒரு திரைகூட இல்லை.

இத்துறையில் 'மானிட்டர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உள்ளன. ஒலிப்பதிவாளர்கள் தாம் பதிவு செய்வதைக் கேட்டுச் சரிபார்க்கும் ஸ்பீக்கருக்கு அது பழைய பெயர். கணினி வந்த பிறகு திரையையும் அதே சொல்லால் குறித்தனர். ஒரே பெயர் கொண்ட இந்த இரண்டும் வேலை செய்பவரின் முகத்துக்கு எதிரே உள்ள ஒரே இடத்துக்காகப் போட்டியிடுகின்றன. ஆகவே திரைகள் பெருகிய வரலாறு, அந்த இடத்தைக் கண்ணும் காதும் பங்கிட்டுக்கொண்ட வரலாறாகவும் அமைகிறது.

திரைக்கு முந்தைய கூடம்

காந்த நாடா வழக்கில் இருந்த காலத்துப் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் இரண்டு கருவிகள் முதன்மையானவை. ஒன்று மிக்சிங் கன்சோல் எனப்படும் கலவை மேசை. ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் அதில் தனித்தனி வரிசை உண்டு. எந்த ஒலி எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும் என்பதை அங்கே முடிவு செய்தனர். மற்றொன்று நாடாப் பதிவு இயந்திரம். பாடலின் காலம் முழுவதும் அந்த நாடாவின் நீளத்தில் அடங்கியிருந்தது. கலவை மேசை ஒலிப்பதிவாளரின் முன்னும், நாடா இயந்திரம் பக்கவாட்டிலோ பின்னாலோ இருக்கும். மேசைக்கு எதிரே பாடகர் நிற்கும் அறையைக் காட்டும் கண்ணாடிச் சன்னல் இருக்கும்.

அக்காலத்தில் கண்ணுக்கு இருந்த வேலை குறைவு. ஒலி அளவைக் காட்டும் முள்ளையும் கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் பாடகரையும் பார்த்தால் போதும். நாடாவை வெட்டி ஒட்டும் வேலைகூடக் காதை நம்பியே நடந்தது. சுருளைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டிக் கேட்டு, வெட்ட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறியிட்டு, பிளேடால் வெட்டி ஒட்டுநாடாவால் இணைத்தனர்.

இக்கருவிகளை வீட்டுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பால் குறிப்பிடத்தக்கவர். ஆம்பெக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எட்டுத் தட நாடா இயந்திரம் 1957இல் அவர் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. ஆனால் அத்தகைய இயந்திரத்தின் விலை சாதாரணக் கலைஞர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 1979இல் டாஸ்காம் நிறுவனம் வெளியிட்ட போர்ட்டாஸ்டுடியோ 144 இந்த நிலையை மாற்றியது. சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைப் பதிவு செய்யும் கருவியும் சிறு கலவை மேசையும் அதில் ஒரே பெட்டிக்குள் அமைந்திருந்தன. 1982 சனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ செர்சியில் உள்ள தம் வீட்டில் இக்கருவியைக் கொண்டு மாதிரிப் பதிவாகப் பாடியவையே அதே ஆண்டு 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தொகுப்பாக வெளிவந்தன. அந்தப் பதிவுக் கருவியில் திரை என்று எதுவும் இல்லை.

முதல் திரை

இசைக்கருவியோடு திரையை இணைத்த தொடக்ககால முயற்சிகளுள் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி ஆகியோர் உருவாக்கி 1979இல் வெளியிட்ட ஃபேர்லைட் சிஎம்ஐ முக்கியமானது. ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு அதில் ஒலியை வடிவமைக்க முடிந்தது. ஆயினும் அதன் விலை ஒரு வீட்டின் விலையோடு ஒப்பிடப்படும் அளவில் இருந்ததால் அது வீட்டுக் கூடங்களுக்குள் வரவில்லை.

1983இல் வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் மிடி என்ற பொதுத்தரம் வந்தது. 1985இல் வெளிவந்த அடாரி எஸ்டி கணினியில் மிடி இணைப்புகள் உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தன. அதனுடன் கிடைத்த எஸ்எம்124 என்ற 12 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, 640க்கு 400 படப்புள்ளிகளைத் தெளிவாகக் காட்டியது. விலை குறைவாக இருந்ததால் ஐரோப்பிய இசைக்கலைஞர்கள் பலருக்கு அதுவே முதல் இசைக் கணினி ஆயிற்று.

ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1989இல் அடாரிக்காக வெளியிட்ட கியூபேஸ் மென்பொருள், பாடலைத் திரையில் வரைந்து காட்டும் முறைக்கு வழிகாட்டியாக அமைந்தது. காலம் இடமிருந்து வலமாக நகர, தடங்கள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டன. இன்றைய ஒலிப்பதிவு மென்பொருள்களில் பெரும்பாலானவை இந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. எனினும் அன்றைய கியூபேஸ் ஒலியைப் பதிவு செய்யவில்லை. எந்தச் சுரத்தை எப்போது வாசிக்க வேண்டும் என்ற கட்டளைகளை மட்டுமே அது சேமித்தது. குரல் நாடாவிலேயே பதிவாயிற்று. கலவை மேசையும் அதன் இடத்திலேயே நின்றது. ஆகவே ஒரு சிறிய திரை போதுமானதாக இருந்தது.

மின்னணு இசைக்கருவிகள் இப்படி வளர்ந்த காலத்திலேயே வீட்டுக் கூடத்தின் தகுதியும் உயர்ந்தது. சென்னை கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டு வளாகத்தில் அமைத்த பஞ்சதன் ரெக்கார்டு இன் இதற்குத் தமிழ்நாட்டுச் சான்று. அவர் இசையமைத்த முதல் தமிழ்த் திரைப்படமான 'ரோஜா' 1992இல் வெளிவந்து அவருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது.

ஒலி திரைக்குள் வந்த காலம்

1980களின் இறுதியில் ஒலியே கணினிக்குள் நுழைந்தது. பீட்டர் காச்சர், ஈவன் புரூக்ஸ் ஆகியோர் தொடங்கிய டிஜிடிசைன் நிறுவனம் 1989இல் சவுண்ட் டூல்ஸ் என்ற இரண்டு தடத் தொகுப்புக் கருவியையும், 1991இல் நான்கு தடங்கள் கொண்ட புரோ டூல்ஸையும் ஆப்பிள் மேக்கிண்டாஷ் கணினிகளுக்காக வெளியிட்டது.

புரோ டூல்ஸின் முதல் பதிப்பில் இரண்டு தனி மென்பொருள்கள் இருந்தன. பதிவும் கலவையும் புரோடெக் என்பதில் நடந்தன. வெட்டி ஒட்டும் தொகுப்பு வேலை புரோஎடிட் என்பதில் நடந்தது. பின்னர் அவை ஒன்றாக்கப்பட்டன. ஆயினும் தொகுப்புக்கு ஒன்று, கலவைக்கு ஒன்று என இரண்டு சாளரங்கள் நிலைத்துவிட்டன. பழைய கூடத்தின் இரண்டு கருவிகளையும் இவற்றில் அடையாளம் காணலாம். தொகுப்புச் சாளரம் காலத்தை நீளவாக்கில் விரித்துக் காட்டும் நாடா. கலவைச் சாளரம் வரிசை வரிசையாகக் குமிழ்கள் நிற்கும் கலவை மேசை.

பழைய கூடத்தில் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. கணினியில் ஒன்றைத் திறந்தால் மற்றொன்று மறைந்தது. பாடகரின் ஒரு வரியில் ஒலி கூடுதலாக இருப்பதைத் தொகுப்புச் சாளரத்தில் கண்டவர், அதைக் குறைக்கக் கலவைச் சாளரத்துக்கு மாற வேண்டும். மாறியதும் அந்த வரி எங்கே இருந்தது என்பது கண்ணிலிருந்து மறைந்துவிடும். இரண்டாவது திரையின் தேவை இங்கேதான் பிறந்தது. கணினிக்குள் போனபோது மறைந்த ஒரு மேசையை அது மீண்டும் அறைக்குள் கொண்டுவந்தது.

இதற்கான வசதி 1987இல் வெளிவந்த மேக்கிண்டாஷ் II கணினியிலேயே இருந்தது. 1984ஆம் ஆண்டின் முதல் மேக்கிண்டாஷில் 512க்கு 342 படப்புள்ளிகள் கொண்ட 9 அங்குலத் திரை ஒன்று மட்டும் பெட்டியோடு சேர்ந்திருந்தது. மேக்கிண்டாஷ் IIஇல் கூடுதல் அட்டைகளைப் பொருத்த ஆறு நுபஸ் இடங்கள் தரப்பட்டன. ஒவ்வொரு காட்சி அட்டைக்கும் ஒரு திரையை இணைக்கலாம். எல்லாத் திரைகளும் சேர்ந்து ஒரே தொடர்ச்சியான பரப்பாக இயங்கின. சுட்டி ஒரு திரையின் விளிம்பைக் கடந்து அடுத்ததற்குள் சென்றது. ஆனால் ஒலியைக் கையாளும் டிஜிடிசைன் அட்டைகளுக்கும் அதே இடங்களே தேவைப்பட்டன. மேசைக்கு வரும் முன்பே, கணினிப் பெட்டிக்குள்ளேயே திரையும் ஒலியும் இடத்துக்குப் போட்டியிடத் தொடங்கிவிட்டன.

இரண்டாம் திரை பரவிய விதம்

1990களின் பிற்பகுதியில் நடந்த சில மாற்றங்கள் இரண்டாம் திரையைச் சாதாரண வீட்டுக் கூடங்களுக்குக் கொண்டுவந்தன.

முதலாவது, பிளக்-இன் எனப்படும் துணை மென்பொருள்களின் வருகை. அதிர்வெண்களைச் சரிசெய்தல், எதிரொலி சேர்த்தல் போன்ற வேலைகளுக்குத் தனிப் பெட்டிகளை வாங்கி அடுக்கிய காலம் மாறியது. வேவ்ஸ் நிறுவனத்தின் கியூ10 என்ற பிளக்-இன் 1992இல் வந்தது. ஸ்டைன்பெர்க் 1996இல் அறிமுகப்படுத்திய விஎஸ்டி தரம் இந்த வசதியைக் குறைந்த விலைக் கணினிகளுக்கும் விரிவாக்கியது. ஒவ்வொரு பிளக்-இன்னும் குமிழ்களும் முட்களும் வரையப்பட்ட தனிச் சாளரமாகத் திறந்தது. பெட்டிகள் அறையிலிருந்து மறைந்தாலும் அவற்றின் முகப்புகள் திரையில் இடம் கேட்டன.

இரண்டாவது, இயங்குதளத்தின் ஆதரவு. 1998இல் வெளிவந்த விண்டோஸ் 98 ஒரே கணினியில் பல திரைகளை இணைக்க இடம் தந்தது. 1999இல் மேட்ராக்ஸ் நிறுவனத்தின் ஜி400 டூயல்ஹெட் அட்டை வந்தது. ஒரே அட்டையில் இரண்டு திரைகளை இணைக்க முடிந்ததால், மிச்சமான இடத்தை ஒலி அட்டைக்கு ஒதுக்க முடிந்தது.

மூன்றாவது, கணினியின் மீது தொழில்முறைக் கலைஞர்களுக்கு ஏற்பட்ட நம்பிக்கை. 1999இல் ரிக்கி மார்ட்டினின் 'லிவின் லா விடா லோகா' அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. பதிவு முதல் கலவை வரை முழுவதும் புரோ டூல்ஸில் உருவாகி அந்த இடத்தை எட்டிய முதல் பாடலாக அது பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

திரைப்பட இசையமைப்பாளர்களுக்குக் கூடுதல் திரையால் மற்றொரு பயனும் இருந்தது. பின்னணி இசை அமைக்கும்போது ஒரு திரையில் படக்காட்சி ஓடும். மற்றொன்றில் தடங்கள் நகரும். காட்சியை மறைக்காமல் இசையைத் திருத்த முடிந்தது.

குறைந்த திரைப்பரப்பைக் கொண்டே சமாளிக்கும் வழிகளையும் மென்பொருள் நிறுவனங்கள் தேடின. லாஜிக் மென்பொருளின் ஸ்கிரீன்செட் வசதி, சாளரங்களின் அமைப்பைச் சேமித்து வைத்து ஓர் எண் விசையை அழுத்தியதும் மீண்டும் கொண்டுவந்தது. 2001இல் வெளிவந்த ஏபிள்டன் லைவ், மேடையில் மடிக்கணினியோடு நிற்கும் கலைஞரை எண்ணி எல்லாவற்றையும் ஒரே சாளரத்தில் அடக்கியது. ஆனால் அதுவும் தன் ஒன்பதாம் பதிப்பு வரிசையில் இரண்டாம் திரைக்கு இடம் கொடுத்தது.

கனத்த திரைகளின் தொல்லை

அக்காலத் திரைகள் சிஆர்டி எனப்படும் கண்ணாடிக் குழாய் வகையைச் சேர்ந்தவை. பெரிய அளவுத் திரை ஒன்றைத் தூக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டனர். பின்பக்கம் நீண்டிருந்ததால் மேசையின் ஆழம் முழுவதையும் அது எடுத்துக்கொண்டது. இரண்டு திரைகளை வைத்தால் சிறிய அறையில் வெப்பமும் கூடியது.

ஒலிப்பதிவுக்கு இதைவிடப் பெரிய இடையூறு காந்தப்புலம். சிஆர்டியில் எலக்ட்ரான் கற்றையைத் திருப்பும் சுருள்கள் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. மின் கிதாரின் பிக்கப்பும் ஒரு கம்பிச் சுருளே. ஆகவே திரைக்கு அருகில் அமர்ந்து வாசித்தால் பதிவில் இரைச்சல் கலந்தது. கிதார் வாசிப்பவர் திரைக்குப் பக்கவாட்டாகத் திரும்பி அமர்வதும், பதிவு தொடங்கியதும் திரையை அணைத்துவிடுவதும் வழக்கமாயின. இதற்கு நேர்மாறான சிக்கலும் இருந்தது. ஸ்பீக்கரின் காந்தம் அருகிலிருந்த திரையின் நிறங்களைத் திரித்தது. இதைத் தடுக்கக் காந்தக் காப்பு கொண்ட ஸ்பீக்கர்கள் விற்பனைக்கு வந்தன.

2000களில் தட்டையான எல்சிடி திரைகளின் விலை குறைந்தபோது இத்தொல்லைகள் பெருமளவு நீங்கின. திரையை மேசையிலிருந்து தூக்கிச் சுவரிலோ உலோகக் கையிலோ மாட்ட முடிந்தது. பரப்பும் கூடியது. அடாரியின் திரையில் இருந்த படப்புள்ளிகள் 2,56,000. 1920க்கு 1080 அளவுள்ள இரண்டு திரைகளில் மொத்தம் 41,47,200 படப்புள்ளிகள் உள்ளன. அதாவது ஏறத்தாழ 16 மடங்கு.

திரை ஒலியை மாற்றும் விதம்

காந்தத் தொல்லை நீங்கினாலும் இடப்போட்டி நீங்கவில்லை. இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரின் தலையும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் அமைய வேண்டும் என்பது ஸ்டீரியோ கேட்புக்கான பொது விதி. இரண்டு ஸ்பீக்கர்களிலும் சமமாக ஒலிக்கும் பாடகரின் குரல், ஸ்பீக்கரே இல்லாத நடுப்பகுதியிலிருந்து வருவதுபோல் கேட்கும். அந்த நடுப்பகுதியில்தான் திரை நிற்கிறது.

திரை கடினமான, வழவழப்பான பரப்பு. 60 செ.மீ. அகலமுள்ள திரை, ஏறத்தாழ 600 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியைவிடத் திரையில் பட்டு வரும் ஒலி 34 செ.மீ. அதிகம் பயணம் செய்வதாகக் கொண்டால், அது 1 மில்லி விநாடி தாமதமாகக் காதை அடையும். அப்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் ஆகிய அதிர்வெண்களில் இரு ஒலிகளும் எதிரெதிராகச் சேர்ந்து ஒன்றையொன்று வலுக்குறைக்கும். குரலின் தெளிவு பெரிதும் இந்த எல்லைக்குள் அமைவதால், குரல் மங்கியிருப்பதாகக் கருதி ஒலிப்பதிவாளர் அதைக் கூட்டக்கூடும். உண்மையில் குறை பாடலில் இல்லை, அறையில் இருக்கிறது. அந்தப் பாடலை வேறு இடத்தில் கேட்பவருக்குக் குரல் உறுத்தலாகக் கேட்கும்.

இரண்டு திரைகளைச் சமமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறொரு சிக்கல் எழுகிறது. இரண்டும் சேரும் விளிம்பு நடுவில் அமைகிறது. விளிம்பைப் பார்த்து யாரும் வேலை செய்வதில்லை. ஆகவே அதிகம் பயன்படும் திரையை நோக்கி உடல் சற்றே நகர்ந்துவிடுகிறது. தலை 10 செ.மீ. இடப்பக்கம் நகர்ந்தால், இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்தும் ஒலி வரும் தொலைவில் ஏறத்தாழ 10 செ.மீ. வேறுபாடு உண்டாகும். நேரக்கணக்கில் அது சுமார் 0.3 மில்லி விநாடி. இந்தச் சிறு வேறுபாடே நடுவில் கேட்க வேண்டிய குரலை இடப்பக்கமாக இழுக்கப் போதுமானது.

அனுபவத்தின் வழியே இதற்குச் சில தீர்வுகள் நடைமுறைக்கு வந்தன. முதன்மைத் திரையை நடுவிலும் துணைத் திரையைப் பக்கவாட்டிலும் வைப்பது ஒன்று. இரண்டையும் மேலும் கீழுமாக அடுக்குவது மற்றொன்று. ஸ்பீக்கர்களின் முகப்பைவிடத் திரைகளைச் சற்றுப் பின்தள்ளி வைப்பதும், ஸ்பீக்கருக்கும் காதுக்கும் இடையிலான நேர்க்கோட்டுக்குக் கீழே அவற்றைத் தாழ்த்தி வைப்பதும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. பல திரைகளை இயக்கும் வலுவான காட்சி அட்டையின் விசிறிச் சத்தம் மைக்கில் பதிவதைத் தவிர்க்க, விசிறி இல்லாத அட்டைகளை நாடுவோரும் உண்டு.

கண் முந்திக்கொள்ளும்போது

திரைகள் பெருகியதன் விளைவுகளுள் அளவிடக் கடினமானது பழக்கத்தில் நேர்ந்த மாற்றம். நாடாவைக் கேட்டு வெட்டியவர்களின் இடத்தில், அலைவடிவத்தைப் பார்த்து வெட்டுபவர்கள் வந்தனர். இதனால் கிடைத்த நன்மை பெரிது. இருமல் ஒலியையோ மூச்சொலியையோ நொடியில் கண்டு நீக்கலாம். தவறினால் பழைய நிலைக்குத் திரும்பலாம். அதே வேளையில், தாளக் கோட்டிலிருந்து மிருதங்க ஒலி இம்மியளவு விலகியிருப்பதைக் கண் கண்டுவிட்டால், அது காதுக்கு இதமாக இருந்தாலும் கை அதைக் கோட்டோடு ஒட்டி நகர்த்திவிடுகிறது.

கண் காதைத் திசைதிருப்பும் என்பதை உளவியலும் காட்டியிருக்கிறது. 1976இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஓசையைக் கேட்கும்போதே வேறோர் ஓசைக்கான உதட்டசைவைப் பார்த்தவர்கள், மூன்றாவதாக ஓர் ஓசையைக் கேட்டதாகக் கூறினர். பேச்சொலி குறித்த அந்த ஆய்வு கலவை மேசைக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆயினும் காது தனித்து இயங்குவதில்லை என்பதை அது உணர்த்துகிறது. இறுதிக் கலவையைக் கேட்கும்போது திரைகளை அணைத்துவிடுவது, அல்லது கண்களை மூடிக்கொள்வது என்ற வழக்கம் ஒலிப்பதிவாளர்களிடையே இருப்பதற்குக் காரணம் இதுவே.

பிற்காலப் போக்குகள்

2010களில் போக்கு இரு திசைகளில் பிரிந்தது. ஒருபுறம் 21:9 விகிதத்தில் நீண்ட அகலத் திரைகளும், 3840க்கு 2160 படப்புள்ளிகள் கொண்ட 4கே திரைகளும் வந்தன. 4கே திரை ஒன்றின் பரப்பு 1920க்கு 1080 அளவுள்ள நான்கு திரைகளுக்குச் சமம். அகலத் திரை நடுவில் விளிம்பில்லாமல் இரண்டு சாளரங்களையும் அருகருகே காட்டியது. ஆனால் ஸ்பீக்கர்களை விலக்கி வைக்கும் கட்டாயத்தையும் உண்டாக்கியது. மறுபுறம் கைக்கணினி துணைத் திரையாயிற்று. 2013இல் ஆப்பிள் வெளியிட்ட லாஜிக் ரிமோட், ஐபேடைத் தொடுதிரைக் கலவை மேசையாக மாற்றியது. குமிழைக் கையால் நகர்த்தும் பழைய பழக்கம் இவ்வகையில் திரும்பி வந்தது.

திரைகளின் எண்ணிக்கை மட்டும் இசையின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கும் இக்காலத்தில் சான்று கிடைத்தது. பில்லி ஐலிஷ் பாடி 2019இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்பின் பெரும்பகுதி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெற்றோர் வீட்டில் அவருடைய அண்ணன் ஃபினியஸின் சிறிய படுக்கையறையில் பதிவாயிற்று. 2020இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதை அது பெற்றது.

கணினி விழுங்கிய கலவை மேசையையும் நாடா இயந்திரத்தையும் திரைகள் வேறு வடிவில் வீட்டுக்குத் திருப்பித் தந்தன. பெரும்பொருள் செலவிட முடியாத கலைஞரும் முழுப் பாடலையும் ஒரே பார்வையில் காண அவை உதவின. ஆனால் அவை நிற்கும் இடம் முதலில் ஒலிக்கு உரியது. அதனால்தான் வீட்டுக் கூடத்தை அமைப்போர் இன்றும் ஸ்பீக்கர்களின் இடத்தை முதலில் முடிவு செய்து, மீதமுள்ள இடத்தைத் திரைகளுக்கு ஒதுக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.